பென் டிரைவில் லினக்ஸ் ஓட்டிப் பார்க்கும் முன் ரெக்கவரி கீயைத் தேடி எடுத்து வையுங்கள்

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தால் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. என் டிஸ்கில் லினக்ஸ் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் எனக்குச் சோறு போடுகிற லேப்டாப் நீலத் திரையோடு நின்றுபோனது, ஆறாயிரம் ரூபாய் வேலை ஒன்று கையைவிட்டுப் போனது, கடைக்காரர் ஒருவர் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடலாம் என்று கிளம்பியே விட்டார். லினக்ஸை ஓட்டுவதற்காக பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் ஒரு சுவிட்சைத் தட்டச் சொல்கிறார்களே, எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அதைத் தட்டினால், பூட்டிய டிஸ்கைத் திறக்க ரெக்கவரி கீ என்ற 48 இலக்க எண்ணை விண்டோஸ் கேட்கலாம். அதைப் பற்றி யாராவது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அந்த வாரம் மிச்சமாகியிருக்கும்.

நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வீட்டில் இரண்டு லேப்டாப். ஒன்று 2015இல் வாங்கியது, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். இன்னொன்று நான் வேலை செய்வது, விண்டோஸ் 11 உள்ளது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது, பழைய லேப்டாப்போ விண்டோஸ் 11க்கு ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) வேண்டும் என்று கேட்கிறது, அதில் இரண்டும் கிடையாது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு அதைக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். பெங்களூரில் இருக்கும் அக்கா மகனைக் கேட்டபோது, "லினக்ஸ் மின்ட் போட்டுருங்க சித்தி. முதல்ல பென் டிரைவ்ல ஓட்டிப் பாருங்க, உள்ள ஒண்ணும் ஆகாது" என்றான். அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது, எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால் லினக்ஸ் என்றால் என்ன என்று காட்டித்தர ஆளும் இல்லை. பழையதில் போடுவதற்கு முன் என்னுடைய லேப்டாப்பிலேயே ஒருமுறை பார்த்துவிடலாம், அதுதான் வேகமானது என்று நினைத்தேன்.

முதல் தலைவலி டவுன்லோட். மின்ட் என்பது லினக்ஸில் ஒரு வகை. அது முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் ஃபைபர் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி என்று மொபைல் ரீசார்ஜ் செய்து ஹாட்ஸ்பாட்டில் பிழைப்பவர்களுக்கு இது இரண்டு நாள் ஒதுக்கீடு. பாதியில் டேட்டா முடிந்து வேகம் இறங்கியது, பிரவுசர் டவுன்லோடை விட்டுவிட்டது, மறுபடி முதலிலிருந்து. மின்ட் தளத்திலேயே டோரன்ட் (துண்டு துண்டாக இறக்கும் முறை) கோப்பும் தருகிறார்கள், அதை டோரன்ட் மென்பொருளில் திறந்து இறக்குங்கள். எங்கே நின்றதோ அங்கிருந்தே தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்துக்கொண்டே இறக்கும் என்பதால் கோப்பு கெட்டுப்போய் வந்ததோ என்ற சந்தேகமும் இல்லை. டோரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்று நினைத்திருந்தேன், இப்படி நல்ல காரியத்துக்கும் ஆகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் பென் டிரைவ். பக்கத்து மொபைல் கடையில் 64 ஜிபி 299 ரூபாய் என்று வாங்கினேன். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளில் ஐஎஸ்ஓவைக் காட்டி ஸ்டார்ட் அழுத்தினேன். கோப்பைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் மட்டும் கணினி அதிலிருந்து கிளம்பாது, அதாவது பூட் ஆகாது, இப்படி எழுதித்தான் ஆக வேண்டும், எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும். பச்சைப் பட்டை முழுதாக ஓடி, தயார் என்றது. போட்டுப் பார்த்தால் மின்ட் மெனு அழகாக வருகிறது, அதில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் எர்ரர் என்று வரிவரியாக ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன். அதற்கு தனியாக டேட்டா பேக். மறுபடி அதே வரிகள்.

கோளாறு பென் டிரைவில். அட்டையில் 64 என்று போட்டிருந்ததே தவிர உள்ளே அவ்வளவு இடம் கிடையாது. இப்படிப்பட்ட போலிகள் கணினியிடம் பெரிய அளவைச் சொல்லும், எழுதுவதையும் வாங்கிக்கொண்டதாகக் காட்டும், திரும்பப் படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ரூஃபஸில் எழுதுவதற்கு முன் கெட்ட பிளாக்குகளைச் சரிபார்க்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்தால் நேரம் பிடிக்கும், ஆனால் போலி என்றால் அங்கேயே மாட்டிவிடும். எட்சர் என்ற இன்னொரு மென்பொருள் எழுதி முடித்ததும் தானே திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது, புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே நல்லது என்பேன். இதற்கு 8 ஜிபி பென் டிரைவே தாராளம். 64, 128 என்று ஆசைப்படாமல் பெயர் தெரிந்த கம்பெனியின் சின்னது ஒன்றை பில் போட்டு வாங்குங்கள். எனக்கு அடுத்தது 450 ரூபாய் ஆனது. பழையதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "கவரைப் பிரிச்சாச்சேக்கா" என்று முடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு யூடியூப் வீடியோ வந்து சேர்ந்தது. லினக்ஸ் பூட் ஆகவில்லையா, பயாஸில் போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள், அவ்வளவுதான் என்றார் ஒருவர். செக்யூர் பூட் என்பது அங்கீகாரம் உள்ள இயங்குதளத்தை மட்டும் கிளம்பவிடும் பாதுகாப்பு. புதிய பென் டிரைவில் எழுதி முடித்த கையோடு அதையும் செய்தேன். லினக்ஸ் ஓடியது! ஆக, செக்யூர் பூட்தான் தடையாக இருந்தது போலிருக்கிறது என்று நம்பிவிட்டேன். உண்மையில் மின்ட், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் மூன்றுமே செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஓடக்கூடியவை. அதைத் தொடவே தேவையில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில பழைய லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பாதுகாப்பு மீறல் என்று சொல்லி நின்றுபோயின, அதற்கும் மருந்து புதிய பதிப்பை இறக்குவதுதான். இப்படி பென் டிரைவ், செக்யூர் பூட் என்று ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது, எனக்கு அதுதான் நடந்தது.

பூட் மெனுவுக்குப் போக எந்தக் கீ என்று அலைய வேண்டாம். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப், ஏசரிலும் எஃப்12தான் ஆனால் பயாஸில் அதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் லோகோ போய்விடும், அதற்குள் தட்ட வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. விண்டோஸுக்குள்ளிருந்தே ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீல மெனு வரும், அதில் யூஸ் எ டிவைஸ் என்பதற்குள் பென் டிரைவின் பெயர் இருக்கும், நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, லினக்ஸ் எப்படி இருந்தது? பிடித்திருந்தது. மெனு விண்டோஸ் மாதிரியே இடது மூலையில். வைஃபை உடனே வந்தது, தமிழ்த் தளங்கள் எழுத்து உடையாமல் தெரிந்தன. கீபோர்டு செட்டிங்ஸில் இந்தியாவுக்குக் கீழே தமிழ்99 தட்டச்சு முறை இருக்கிறது, சேர்த்ததும் தட்டத் தொடங்கிவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் அனுப்பியிருந்த பழைய பாமினி எழுத்துருக் கோப்பு மட்டும் ஆங்கில எழுத்துகளை வாரி இறைத்த மாதிரி தெரிந்தது, அது லினக்ஸின் குற்றம் இல்லை, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான், யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் சரி. கடகடவென்று ஒன்றரைப் பக்கம் மொழிபெயர்த்து டெஸ்க்டாப்பில் சேமித்தேன். இங்கே இன்னொன்று: பென் டிரைவிலிருந்து ஓடும்போது நீங்கள் சேமிப்பதெல்லாம் ரேமில்தான் இருக்கிறது. ஷட் டவுன் செய்தால் கோப்பு, வைஃபை பாஸ்வேர்ட், தமிழ்99 எல்லாம் போயிற்று. என் ஒன்றரைப் பக்கமும் அப்படியே போனது. எழுதுவதை மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், இல்லை இன்னொரு பென் டிரைவில் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பென் டிரைவை நடுவில் பிடுங்கவும் கூடாது, அப்படியே உறைந்துவிடும்.

இன்னொரு அறிகுறியும் அப்போதே வந்தது. ஃபைல் மேனேஜரில் என் விண்டோஸ் டிரைவைக் கிளிக் செய்தபோது அது பாஸ்வேர்ட் கேட்டது. விண்டோஸின் பின் நம்பரைப் போட்டேன், ஏற்கவில்லை. லினக்ஸ் வேறு ஏதோ கேட்கிறது என்று விட்டுவிட்டேன். உங்களுக்கும் அப்படிக் கேட்டால் உங்கள் டிஸ்க் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து முதல்முறை நுழையும்போதே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், உள்ளே இருப்பது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு. லேப்டாப் திருடுபோனால் டிஸ்கைக் கழற்றிப் படிக்க முடியாது, நல்ல ஏற்பாடுதான். சாவி லேப்டாப்பின் டிபிஎம் பாதுகாப்பில் இருக்கும், பூட் ஆகும் முறை வழக்கப்படி இருந்தால் அது சத்தமில்லாமல் திறந்துவிடும். செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால் வழக்கம் மாறிவிட்டது என்று சாவியைத் தர மறுத்துவிடும்.

பென் டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். நீலத் திரை. ரெக்கவரி கீயைப் போடு என்கிறது, ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம், மொத்தம் 48 இலக்கம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அக்கா மகனுக்கு ஃபோன் போட்டேன், அவன் ஷிஃப்டில் இருந்தான், எடுக்கவில்லை. மறுநாள் காலை ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவும் மனமில்லை, "நல்லா ஓடுறதை எதுக்குத் தொட்டே" என்ற வசனம் எனக்கு மனப்பாடம்.

காலையில் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பையன் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் லாக் ஆயிருச்சுக்கா. ஃபார்மட் அடிச்சாத்தான் உண்டு, 1,200 ஆகும்" என்றான். உள்ளே இருப்பது என்று கேட்டேன். "அது வராதுக்கா" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு பென் டிரைவ் ஒன்றைத் தேட ஆரம்பித்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன், பார்த்ததற்கு 200 ரூபாய். அதற்குள் அந்த மொழிபெயர்ப்பு வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்த நீலத் திரையிலேயே கீயை எங்கே தேடுவது என்று முகவரி போட்டிருக்கிறது, பதற்றத்தில் கண்ணில் படவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அங்கே இருக்குமாம். சரி, ஆனால் எந்தக் கணக்கு? என் ஜிமெயிலில் போட்டால் இந்த லேப்டாப்பே அதில் இல்லை. வாங்கும்போது கடையில் அவர்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கி எல்லாம் செட் செய்து கொடுத்தார்கள். நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அதன் பாஸ்வேர்ட் நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. பரண்மேல் இருந்த லேப்டாப் பெட்டியை இறக்கி, தெர்மோகோலைக் கொட்டி, பில்லைத் தேடினால், பில்லின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் என் பெயரும் நாலைந்து எண்களும் சேர்த்து ஒரு அவுட்லுக் ஐடி. நல்லவேளையாக ஃபோன் எண் என்னுடையதைத்தான் கொடுத்திருந்தார்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்து, ஓடிபி வாங்கி, உள்ளே போனால் கீ இருக்கிறது. நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகளை கணக்கில் இருக்கும் ஐடியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கீ இருக்கும். 48 இலக்கத்தையும் மகள் வாசிக்க நான் தட்டினேன். விண்டோஸ் திறந்தது.

உள்ளே போனதும் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன், அதன் பிறகு கேட்கவில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நீலத் திரை வந்த அன்றைக்கே பயாஸில் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்திருந்தால் பெரும்பாலும் கீ இல்லாமலே விண்டோஸ் திறந்திருக்கும் என்று பிற்பாடு அக்கா மகன் சொன்னான். ஆகவே உங்களுக்கு அந்தத் திரை வந்தால் முதலில் மாற்றியதைத் திரும்ப மாற்றுங்கள். யாராவது ஃபார்மட் என்ற வார்த்தையைச் சொன்னால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள், கீ கிடைக்கும் சாத்தியம் இருக்கும்வரை உள்ளே இருப்பது எதுவும் போகவில்லை. முன்னேற்பாடாக, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால் கணக்கில் நுழைந்து கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாலும் சரி, அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைப்பதில் மட்டும் பயனில்லை.

விண்டோஸ் திறந்தபோது மணி வேறு தப்பாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு பகல் பன்னிரண்டரை என்று காட்டியது. வைரஸோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும், நம் நாட்டில் வித்தியாசம் ஐந்தரை மணி. நேர செட்டிங்ஸில் சிங்க் நவ் அழுத்தினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

இதையெல்லாம் தாண்டி பழைய லேப்டாப்புக்கு வர ஒரு மாதம் ஆனது, பென் டிரைவைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. அதில் இந்தப் பூட்டு எதுவும் இல்லை, ஆனால் வைஃபை தெரியவே இல்லை. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டதும் இன்டர்நெட் வந்தது, ட்ரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான ட்ரைவரை அதுவே காட்டியது. 4 ஜிபி ரேம் என்பதால் மின்டின் சினமன் பதிப்பைவிட அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடியது. வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே கொஞ்சம் இழுக்கும், நீல நிற யூஎஸ்பி துளை இருந்தால் அது வேகமானது, அதில் செருகுங்கள். பார்க்க வேண்டியது மற்றவை: சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, வெளிச்சம் கூட்டும் கீ வேலை செய்கிறதா. முக்கியமாக உங்கள் பிரிண்டர். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர் வகை என்னிடமும் இருக்கிறது, அது லினக்ஸில் இன்றுவரை எனக்கு மசியவில்லை. பிரிண்ட் எடுக்க என் லேப்டாப்புக்குத்தான் அனுப்புகிறாள் மகள்.

எல்லாம் பார்த்து அந்தப் பழையதில் மின்டை நிரந்தரமாகவே போட்டுவிட்டேன். இன்ஸ்டாலில் எரேஸ் டிஸ்க் என்று ஒரு தேர்வு வரும், பெயரில் இருப்பதைத்தான் செய்யும், விண்டோஸையும் ஃபோட்டோக்களையும் சேர்த்துத் துடைத்துவிடும், அதனால் வேண்டியதை முதலில் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பென் டிரைவை விண்டோஸில் செருகினால் சில சமயம் அளவைக் குறைத்துக் காட்டும், இல்லை ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். கெட்டுப்போகவில்லை. அதே ரூஃபஸில் "Non bootable" (பூட் ஆகாதது) என்று தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் பழையபடி முழு அளவும் வந்துவிடும், மேலே தேர்ந்திருப்பது பென் டிரைவ்தானா என்று மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.